பிரிங், டேக்: 'கொண்டு வா', 'கொண்டு போ' தெரிந்தவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

'அந்த ஃபைலை எடுத்துட்டு வாங்க' என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், பலருக்கு முதலில் வாயில் வருவது 'டேக்' தான். 'எடு' என்றால் 'டேக்' என்று சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் ஆகிவிட்டது. அப்புறம் 'வாங்க' மிச்சம் நிற்கிறது. அதற்கு ஒரு 'கம்' ஒட்டி, 'டேக் தட் ஃபைல் அண்ட் கம்' என்று முடித்துவிடுகிறோம். நம் ஊர் அலுவலகத்தில் இது புரிந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவரிடம் போனில் சொன்னால், ஃபைலோடு போகச் சொல்கிறாரா வரச் சொல்கிறாரா என்று அவர் ஒரு கணம் திகைப்பார். அங்கே சொல்ல வேண்டியது ஒரே சொல், 'பிரிங்'.

இதில் தமிழருக்கு வருத்தம் தரக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. பிரிங், டேக் வேறுபாடு நமக்குப் புதியதே இல்லை. பிறந்ததிலிருந்து தவறே இல்லாமல் புழங்கும் வேறுபாடு அது. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் 'எடு' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வதால்தான் சறுக்குகிறோம்.

இரண்டு சொல்லும் செய்யும் வேலை

இரண்டும் ஒரே செயல்தான்: ஒரு பொருளோ ஆளோ உங்களோடு சேர்ந்து ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்கிறது. எந்த முனையில் நின்று பார்க்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. சேரும் முனையில் நின்று பார்த்தால் பிரிங், புறப்படும் முனையில் நின்று பார்த்தால் டேக். பொருள் பெரிதா சிறிதா, கையில் போகிறதா காரில் போகிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது. தமிழில் பொருளை 'எடுத்து'ப் போவோம், ஆளை 'கூட்டி'ப் போவோம், பெரியவர்களை 'அழைத்து'ப் போவோம். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் ஒரே வினை போதும். 'டேக் த பேக்', 'டேக் யுவர் கிராண்ட்மதர்' இரண்டும் சரி. பாட்டியை 'டேக்' என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு முனைகளையும் நம் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. தருசொல், வருசொல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்கிறது. அதாவது என்னிடமும் உன்னிடமும் 'வரும்', அவனிடம் 'செல்லும்'. நன்னூலும் இதையே சொல்கிறது. 'என்னிடம், உன்னிடம் என்றால் பிரிங், அவரிடம் என்றால் டேக்' என்று ஆங்கில வகுப்பில் சொல்லித்தருவது இந்த விதியைத்தான். இருபதாம் நூற்றாண்டில் மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் 1971இல் சான்டா குரூஸில் ஆற்றிய உரைகளில் ஆங்கிலத்தின் 'கம்', 'கோ' வினைகளை விரிவாக ஆராய்ந்தார். நம் பாட்டனார் போட்டு வைத்த பாதை அந்த ஆராய்ச்சிக்கு நடுவே ஓடுவதைப் பார்க்கலாம்.

படி 1: தமிழ் வாக்கியத்தில் ஒட்டி நிற்கும் வினையைப் பாருங்கள்

சொல்ல வந்ததை முதலில் மனதில் பேச்சுத் தமிழில் ஓட்டுங்கள். எடுத்து, கொண்டு, கூட்டி, அழைத்து, தூக்கி, வாங்கி, இவற்றில் ஒன்று இருக்கும். அதை ஒட்டி, அடுத்து என்ன வருகிறது? 'வா' என்றால் பிரிங். 'போ' என்றால் டேக். முதல் வினையை ஆங்கிலத்தில் சொல்லத் தேவையே இல்லை. எடுத்தோமா, தூக்கினோமா என்பது எப்படி நகர்த்தினோம் என்ற தகவல் மட்டும்தான். ஆங்கிலம் அதை விட்டுவிட்டு, திசையை மட்டும் சொல்லும்.

எடுத்துட்டு வா: பிரிங்.
எடுத்துட்டுப் போ: டேக்.
பிள்ளையைக் கூட்டிட்டு வா: பிரிங்.
பிள்ளையை ஸ்கூல்ல கொண்டு போய் விடு: டேக்.

கடைசி எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வாக்கியத்தின் கடைசி வினை 'விடு'. அதைப் பார்த்து 'லீவ்' என்று தொடங்குபவர்கள் உண்டு. 'கொண்டு' என்பதை ஒட்டி நிற்பது 'போய்'. அதனால் 'டேக் த சைல்ட் டு ஸ்கூல்'. 'கொண்டு வந்து கொடு', 'கொண்டு போய்க் கொடு', 'கொண்டு போய் வை' எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

வா, போ இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால்தான் 'ஒட்டி' என்ற சொல்லின் அருமை தெரியும். 'குடையை எடுத்துட்டுப் போயிட்டு வா' என்று வாசலில் நின்று அம்மா சொல்கிறார். இதில் எடுத்து என்பதை ஒட்டியது போ. கடைசியில் நிற்கும் வா, 'போ' என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது என்பதற்காக நாம் சேர்க்கும் மங்கலச் சொல். ஆகவே 'டேக் யுவர் அம்ப்ரெல்லா'. மாறாக, 'மேல போய் குடையை எடுத்துட்டு வா' என்பதில் போய் முன்னாலேயே நின்றுவிட்டது. எடுத்து என்பதை ஒட்டியது வா. இது பிரிங் பக்கம்தான். ஆனால் இதற்கு இன்னும் பொருத்தமான சொல் உண்டு, நான்காவது படியில் பார்ப்போம்.

மொழிக்குள்ளேயே இன்னொரு துணையும் இருக்கிறது. 'கொணர்' என்ற இலக்கியச் சொல் ஒற்றைச் சொல்லாகவே 'பிரிங்'. பேச்சில் 'கொண்டா' என்று சுருக்கிச் சொல்வதும் அதுவே. 'கொண்டா' என்று வாயில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிரிங் போடலாம்.

படி 2: சேரும் இடம் யாருடையது?

முதல் படியிலேயே பெரும்பாலான வாக்கியங்கள் முடிந்துவிடும். ஐயம் இருந்தால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: பொருள் போய்ச் சேரும் இடத்தில், அதைக் கொண்டு போகும் ஆளைத் தவிர, பேசுபவரோ கேட்பவரோ இருக்கிறாரா? இருந்தால் பிரிங். இருவருமே அங்கே இல்லை என்றால் டேக்.

போனில் பேசும்போது இது துலக்கமாகத் தெரியும். வாடிக்கையாளரிடம் 'சாம்பிளை நாளைக்கு உங்க ஆபீசுக்குக் கொண்டு வரேன்' என்கிறீர்கள். 'ஐ வில் பிரிங் த சாம்பிள் டு யுவர் ஆபீஸ்'. போனை வைத்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் அதே பயணத்தைச் சொல்கிறீர்கள்: 'சாம்பிளை நாளைக்கு அவங்க ஆபீசுக்குக் கொண்டு போறேன்'. 'ஐ வில் டேக் த சாம்பிள் டு தேர் ஆபீஸ்'. அதே ஆள், அதே பெட்டி, அதே வழி. கேட்பவர் மாறியதும் வினை மாறிவிட்டது, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி. கேட்பவரின் இடத்துக்கும் 'வா' போடும் பழக்கம் எல்லா மொழியிலும் இல்லை. ஸ்பானிஷ் பேசுபவர் 'உன் வீட்டுக்கு வருகிறேன்' என்று சொல்லாமல் 'போகிறேன்' என்றுதான் சொல்வார். ஆங்கிலம் கற்கும்போது அவர் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். நமக்கு அந்த வேலை மிச்சம்.

படி 3: எந்த நேரத்தில் அங்கே இருக்கிறார்?

இப்போது இருக்க வேண்டும் என்பதில்லை. பொருள் போய்ச் சேரும் நேரத்தில் இருந்தால் போதும். திங்கட்கிழமை கூட்டத்துக்கு லேப்டாப் வேண்டும். நீங்களும் கேட்பவரும் இருவருமே அந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள் என்றால், இன்று எங்கிருந்து பேசினாலும் 'பிரிங் யுவர் லேப்டாப் டு த மீட்டிங்'. அவர் மட்டும் போகிறார், நீங்கள் போகவில்லை என்றால் 'டேக் யுவர் லேப்டாப்'.

அதனால் இந்த ஒரு சொல்லே, 'நானும் அங்கே இருப்பேன்' என்பதையும் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதத்தில் அசல் சான்றிதழ்களை 'பிரிங்' என்று எழுதுவது இதனால்தான். எழுதுபவர் அந்த இடத்தின் ஆள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பா மகளிடம் சொல்லும்போது 'டேக் யுவர் ஒரிஜினல்ஸ்'.

கல்யாண வீட்டுக்குப் போகும்போது இரண்டையும் கேட்கலாம். அண்ணன் தங்கையிடம் 'நாம என்ன கொண்டு போகலாம்?' என்று கேட்டால் 'வாட் ஷுட் வீ டேக்?' கல்யாண வீட்டுக்காரருக்கே போன் போட்டு 'என்ன கொண்டு வரட்டும் அத்தை?' என்றால் 'வாட் ஷுட் ஐ பிரிங்?' விருந்தினராகப் போகும்போது வீட்டுக்காரரிடம் 'டேக்' என்று கேட்டால், அவர் வீட்டிலிருந்து எதை எடுத்துப் போகலாம் என்று கேட்பதுபோல் ஆகிவிடும். இந்த ஒரு தவறை மட்டுமாவது அவசியம் தவிர்க்க வேண்டும்.

கதை சொல்லும்போது மட்டும் ஒரு சலுகை உண்டு. 'அவள் உட்கார்ந்ததும் சர்வர் காபி கொண்டு வந்தார்' என்கிறோம். சொல்பவரும் கேட்பவரும் அந்த ஹோட்டலில் இல்லை. கதை அவள் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறது, அதனால் 'வந்தார்'. ஆங்கிலத்திலும் 'த வெயிட்டர் ப்ராட் ஹெர் காபி' தான்.

படி 4: போய்த் திரும்பி வர வேண்டுமா?

கையில் ஒன்றுமில்லாமல் போய், அங்கிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வருவதற்கு 'ஃபெட்ச்' என்று தனிச் சொல் இருக்கிறது. அன்றாடப் பேச்சில் 'கெட்' என்பதுதான் அதிகம் கேட்கும். 'மேல போய் குடையை எடுத்துட்டு வா' என்பதற்கு 'கோ அண்ட் கெட் த அம்ப்ரெல்லா'. 'டேக் அண்ட் கம்' என்பது எந்த நிலையிலும் தேவைப்படாது, அதை அடியோடு விட்டுவிடலாம்.

'வரும்போது பால் வாங்கிட்டு வா' என்பதில் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவரிடம் சொல்கிறோம். அங்கே 'பிரிங் சம் மில்க்' என்றாலும் 'கெட் சம் மில்க்' என்றாலும் சரி. வாங்குவதைச் சொல்லும் 'பை' என்ற வினையைத் தனியாகச் சேர்க்க வேண்டாம்.

படி 5: வாக்கியத்தில் பொருத்துவது

'எனக்கு அந்த ஃபைலைக் கொண்டு வா' என்பதை 'பிரிங் மீ த ஃபைல்' என்றும் 'பிரிங் த ஃபைல் டு மீ' என்றும் சொல்லலாம். முதல் அமைப்பில் 'டு' கிடையாது. இரண்டையும் கலந்து 'பிரிங் டு மீ த ஃபைல்' என்று சொல்வதுதான் அடிக்கடி கேட்கும் பிழை. டேக்கிலும் இதே அமைப்பு: 'டேக் ஹிம் த ஃபைல்', 'டேக் த ஃபைல் டு ஹிம்'. 'ஹோம்' என்ற சொல் வந்தால் 'டு' வேண்டாம். 'டேக் மீ ஹோம்', அவ்வளவுதான்.

இறந்தகாலத்தில் ஒலிதான் வம்பு செய்யும். பிரிங், ப்ராட், ப்ராட். டேக், டுக், டேக்கன். 'டுக்' குறில்தான், 'டூக்' என்று நீட்டக் கூடாது. 'ப்ராட்' என்பதில் நடுவே இருக்கும் ர் ஒலியை விழுங்கிவிட்டால் அது 'பாட்' ஆகி, 'வாங்கினேன்' என்ற பொருளுக்குத் தாவிவிடும். 'ஐ ப்ராட் எ கேக்' என்றால் கேக் கொண்டு வந்தேன். 'ஐ பாட் எ கேக்' என்றால் காசு கொடுத்து வாங்கினேன். வீட்டில் செய்த கேக்கை எடுத்துப் போனவருக்கு இந்த ஓர் ஒலி முக்கியம். உதடு சேர்ந்து பிரிந்ததும் நாக்கு மேலே வளைகிறதா என்று கண்ணாடி முன் நின்று பழகுங்கள்.

நகர்வே இல்லாத டேக்

'டேக்' ஆங்கிலத்துக்குப் பிற்காலத்தில் வந்த விருந்தாளி. வடகடலோரத்திலிருந்து வந்து குடியேறிய நார்ஸ் மக்கள் கொண்டு வந்த 'டாகா' என்ற சொல் அது. பழைய ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்த 'நிமான்' என்ற சொல்லைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. 'நம்' (மரத்துப்போன), 'நிம்பிள்' (சுறுசுறுப்பான) என்ற ஆங்கிலச் சொற்களில் அந்தப் பழைய வேர் இன்னும் மிச்சமிருக்கிறது. டாகாவின் அடிப்படைப் பொருள் பிடி, பற்று, எடு. திசை அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது. அதனால் டேக் இரண்டு வேலை பார்க்கிறது: கொண்டு போவது ஒன்று, வெறுமனே எடுப்பது மற்றொன்று. பிரிங் பழைய ஆங்கிலத்திலிருந்தே வரும் சொல், அதற்குக் கொண்டு வருவதுதான் வேலை.

சேரும் இடமே இல்லாத வாக்கியம் என்றால் படி 1 முதல் 3 வரை எதையும் போட்டுப் பார்க்க வேண்டாம். நேராக டேக். மாத்திரை 'போடு'வது, சீட்டில் 'உட்கார்'வது, போட்டோ 'எடு'ப்பது, இடது பக்கம் 'திரும்பு'வது, நேரம் 'ஆகு'வது, ஓய்வு 'எடு'ப்பது எல்லாம் டேக். தமிழில் இவற்றுக்குப் பல வேறு வினைகள் இருப்பதைக் கவனியுங்கள். இவற்றை விதியாகப் படிக்க முடியாது, சொற்கட்டாகவே மனதில் ஏற்ற வேண்டும்.

இரண்டு இடத்தில் மட்டும் தமிழ் நேர்மாறான பொருளுக்குத் தள்ளிவிடும். ஆசிரியர் 'வகுப்பு எடுக்கிறேன்' என்பார். அதை 'ஐ டேக் க்ளாஸஸ்' என்று வெளிநாட்டு நேர்காணலில் சொன்னால், இவர் மாணவராக வகுப்புக்குப் போகிறார் என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். பத்து வருட ஆசிரியர் அனுபவம் ஒரு வினையில் காணாமல் போய்விடும். அங்கே 'டீச்' என்று சொல்லுங்கள். அதேபோல நாம் பரீட்சை 'எழுது'வோம். ஆங்கிலத்தில் மாணவர் செய்வது 'டேக்'.

பின்னொட்டு சேர்ந்தால்

'திரும்ப' என்ற பொருளில் வரும் 'பேக்' சேர்ந்தால் திசை விதி அப்படியே நிற்கும். நூலகர் உங்களிடம் 'பிரிங் பேக் த புக்' என்பார். நீங்கள் வீட்டில் 'ஐ ஹேவ் டு டேக் த புக் பேக்' என்பீர்கள். மற்ற ஒட்டுகள் சேரும்போது திசை கரைந்து புதுப் பொருள் பிறக்கும். 'பிரிங் அப்' என்றால் பிள்ளை வளர்ப்பது, அல்லது பேச்சில் ஒரு விஷயத்தை எழுப்புவது. 'டேக் அப்' என்றால் ஒரு பழக்கத்தையோ கலையையோ தொடங்குவது, இடத்தை அடைத்துக்கொள்வது. 'பிரிங் டவுன்' விலையைக் குறைப்பது, 'டேக் டவுன்' குறித்துக்கொள்வது. 'டேக் ஆஃப்டர்' என்றால் பெற்றோரைப்போல் இருப்பது, உரித்து வைத்த மாதிரி என்போமே அது. இவற்றைப் பட்டியலாக நெட்டுருப் போடுவதைவிட, படிக்கும்போது எதிர்ப்படும் வாக்கியத்தோடு சேர்த்துக் குறித்து வைப்பதுதான் நிற்கும்.

அயர்லாந்துக்காரர் பேச்சில் பிள்ளையைப் பள்ளிக்கு 'பிரிங்' செய்வது சகஜம். நியூயார்க் பக்கமும் அப்படிக் கேட்கலாம். அது அவர்கள் வட்டார வழக்கு, திருத்தப் போக வேண்டாம். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் மேலே சொன்ன விதியைப் பின்பற்றினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பயிற்சி

ஒரு வாரத்துக்கு, தினமும் வீட்டில் காதில் விழும் வா, போ வாக்கியங்களில் ஐந்தை மட்டும் எழுதி, ஒட்டி நிற்கும் வினைக்கு அடிக்கோடு போட்டு, பக்கத்தில் பிரிங் அல்லது டேக் எழுதுங்கள். ஆங்கில வாக்கியம் முழுதாக எழுதாவிட்டாலும் பரவாயில்லை. தொடங்குவதற்கு இந்த ஆறு. விடையைக் கையால் மறைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

1. மகன் போனில் அம்மாவிடம்: 'ஞாயித்துக்கிழமை வரும்போது பாப்பாவையும் கூட்டிட்டு வரேம்மா.'
பிரிங். சேரும் இடத்தில் கேட்பவர் இருக்கிறார்.

2. சாப்பிட்டு முடித்ததும் கூடத்தில் இருக்கும் அக்கா தம்பியிடம்: 'இந்தத் தட்டை உள்ள கொண்டு போய் வைடா.'
டேக். 'வை' என்ற கடைசி வினையை நம்பினால் 'கீப்' என்று போய்விடுவீர்கள்.

3. டாக்சியில் ஏறி: 'எழும்பூர் ஸ்டேஷன் போகணும்ங்க.'
'டேக் மீ டு எழும்பூர் ஸ்டேஷன்'. தமிழில் கொண்டு, கூட்டி எதுவுமே இல்லை, ஆனாலும் ஓட்டுநர் உங்களை நகர்த்துகிறார். நீங்களும் அவரோடு அங்கே போய்ச் சேர்வீர்களே, பிரிங் வராதா என்று கேட்கலாம். இருவரும் இங்கிருந்தே ஒன்றாகப் புறப்படுகிறீர்கள், அந்த முனையில் உங்களுக்காக யாரும் நின்று பார்க்கவில்லை. ஆகவே டேக்.

4. வங்கி கவுன்ட்டரில்: 'பாஸ்புக் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க.'
'பிரிங் எ போட்டோகாப்பி ஆஃப் யுவர் பாஸ்புக்'. இங்கே 'எடு' என்பது நகல் எடுப்பதாகவும் இருக்கலாம், கையில் எடுப்பதாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பிரிங் போதும்.

5. செவிலியர் நோயாளியின் உறவினரிடம்: 'ரிப்போர்ட்டை மேல டாக்டர்கிட்ட கொண்டு போய்க் காட்டிட்டு, திரும்ப இங்க எடுத்துட்டு வாங்க.'
முதலில் டேக், அடுத்தது பிரிங் பேக். செவிலியர் நிற்கும் இடம்தான் இரண்டையும் பிரிக்கிறது.

6. அதே செவிலியர்: 'இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்துக்கோங்க.'
டேக். இங்கே எதுவும் எங்கும் நகரவில்லை.